பசியும் விண்மீனும்

“உண்ண உணவின்றி மக்கள் வாடும்போது விண்மீன்களைச் சூழ்ந்த வாயுவை ஆராய்வது எதற்கு?” என்று கேட்போர் உளர். இக்கேள்வி பசியிலிருந்து எழுவது. ஆதலால் அதனை ஏளனஞ் செய்ய நமக்கு உரிமையில்லை. விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

சிங்கராசி மண்டலத்திலே, ஏறக்குறைய 400 ஒளியாண்டுகளுக்கு அப்பால், முதுமையெய்திய விண்மீனொன்று தன் உடலையே வாயுவாகவும் தூசாகவும் உதிர்த்துக்கொண்டிருக்கிறது. சி. டபிள்யூ. லியோனிஸ் என்பது அதன் பெயர். ஒட்சிசனிலும் காபன் மிகுந்த விண்மீன் அது. ஒட்சிசனின் பெரும்பகுதி காபனோரொட்சைட்டாகப் பிணைந்துவிட, எஞ்சிய காபன் அசற்றலீன், ஐதரசன் சயனைட்டு முதலியனவாக உருவெடுக்கிறது. வாயு வெளிநோக்கிச் சென்று ஐதாகும்போது, அண்டவெளியின் ஊதாக்கடந்த கதிர்கள் இம்மூலக்கூறுகளை உடைக்கின்றன. உடைந்த துண்டுகள் மீண்டுங் கூடி நீண்ட காபன் சங்கிலிகளாகின்றன. 80க்கு மேற்பட்ட மூலக்கூறு வகைகள் அவ்வாயுவில் இனங்காணப்பட்டுள்ளன.

இத்தகைய சங்கிலிகள் பிறக்கும் வகையை அறியவே ஆங்கில இரசாயன அறிஞர் ஹரல்ட் குரோட்டோ 1985 இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே லேசர் கதிரால் பென்சிற்கரியை ஆவியாக்கி, ஈலியம் வாயுவிற் குளிரச் செய்தனர். அவர்கள் எதிர்பாராத வகையில், 60 காபன் அணுக்கள் பந்துபோற் கூடிய மூலக்கூறொன்று வெளிப்பட்டது. 2010 இல், வேறொரு முதிய விண்மீன் உதிர்த்த வாயுவிலும் அதே மூலக்கூறு கண்டறியப்பட்டது.

“பார்த்தீர்களா, பயன் விளைந்தது!” என்று சிலர் வாதிடுவர். இவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. அந்தப் பந்து கிடைத்திராவிட்டால் ஆராய்ச்சி வீணாகியிருக்குமா? இலாபத்தைக் காட்டி அறிவுக்கு நியாயந் தேடுவது வணிகனின் வழக்கு. உழைப்பவனுக்குச் சோறு போதும், வானம் வேண்டியதில்லை என்பதோ எசமானனின் வழக்கு. நம் குருதியிலுள்ள காபனும் விண்மீன்களினுள்ளே சமைந்ததே. தன் உடல் எதனால் ஆனது என்று கேட்கும் உரிமை பசித்தவனுக்கும் உண்டு.

அவ்வாறாயின் குற்றம் எங்கேயுள்ளது? மேற்கூறிய கண்டுபிடிப்பை அறிவித்த கட்டுரையில் ஐவர் பெயர் இருந்தது; அவர்களுள் இருவர் பொறியை இயக்கிய மாணவர். 1996 இல் நோபல் பரிசு பேராசிரியர் மூவருக்கே சென்றது. மூவருக்கு மேற் பகிர்வதை அப்பரிசின் விதி இடங்கொடாது. கூட்டு உழைப்பின் விளைவு இவ்வாறே சிலர் பெயரிற் குறுகிவிடுகிறது. அம்மாணவர் இழந்ததோ புகழில் ஒரு பங்கு. பள்ளி வாயிலையே காணாத கோடிக்கணக்கானோர் இழந்திருப்பது அறிவு முழுவதையும்.

குற்றம் தேடலில் இல்லை, பங்கீட்டிலே உள்ளது. ஆதலால், தொலைகாட்டியைக் கீழே வையுங்கள் என்று நாம் கேளோம். சோற்றைப் போலவே அதுவும் எல்லோர் கைக்கும் வரவேண்டும் என்றே கேட்போம். ஆசிரியரும் மாணவருமாகிய நாம் அப்பங்கீட்டை நமது வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம்.