மௌனம் சம்மதமா?

‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கிற பெண் ஒன்றும் சொல்லவில்லையா, சரி, தட்டு மாற்றிக்கொள்ளலாம். அவள் ஏன் பேசவில்லை? வெட்கமா, பயமா, பேசி என்ன ஆகப்போகுது என்கிற சலிப்பா? அதை யாரும் விசாரிப்பதில்லை. இன்று அதே பழமொழி எக்செல் கட்டங்களுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நான் தொழிற்சாலையில் வேலை செய்யும் பொறியாளன். சென்சார்கள் அனுப்பும் எண்களைப் பார்ப்பதுதான் என் வேலை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது மனிதர்களைப் பற்றி ஒரு பாடம்கூட இருந்ததில்லை. இப்போது முதுகலை ஆய்வுக்கு விண்ணப்பிக்கத் தயாராகிறேன். தரவு அறிவியலும் நடத்தை அறிவியலும் சேரும் இடத்தில் ஆய்வு செய்ய ஆசை. “மெஷின் டேட்டா பார்க்கிறவனுக்கு மனுஷன் டேட்டா எதுக்குடா?” என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். மக்கள் என்ன செய்தார்கள் என்று தரவு அறிவியல் எண்ணிச் சொல்லும். ஏன் செய்தார்கள் என்று நடத்தை அறிவியல் கேட்கும். இரண்டும் கையில் இருப்பவருக்கு அவர்களை வேறு மாதிரி செய்யவைக்கும் பலமும் வந்துவிடுகிறது. என் தயக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

2003இல் எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் ‘சயின்ஸ்’ இதழில் உறுப்பு தானம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அப்போது ஜெர்மனியில் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்கள் சுமார் 12 விழுக்காடு. பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் கிட்டத்தட்ட 100 விழுக்காடு. இரண்டு நாட்டிலும் பேசுவது ஒரே மொழி. ஆஸ்திரியர்கள் அவ்வளவு தாராள மனசுக்காரர்களா? இல்லை. ஜெர்மனியில் தானம் செய்ய விரும்புகிறவர் பதிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரியாவில் விரும்பாதவர் பதிய வேண்டும். இரண்டு இடத்திலும் பெரும்பாலோர் ஒன்றுமே செய்யவில்லை. அந்த ஒன்றுமே செய்யாமை ஓரிடத்தில் ‘இல்லை’ ஆனது, இன்னோரிடத்தில் ‘ஆம்’ ஆனது.

வேலையிடத்தில் எனக்கு இது தினமும் பழக்கமான விஷயம். வெப்பநிலை சென்சார் ஒன்று எண் அனுப்பவில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். காலி என்பதால் பூஜ்ஜியம் டிகிரி என்று யாரும் எழுதிவிட மாட்டோம். போய் வயரைப் பார்ப்போம். மனிதர்கள் காலியாக விட்ட கட்டத்தை மட்டும் நமக்கு வசதியான பதிலால் ஏன் இவ்வளவு சுலபமாக நிரப்பிவிடுகிறோம்?

2012 ஜனவரியில் ஒரு வாரம் ஃபேஸ்புக் 689,003 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தியது. சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளைக் குறைத்துக் காட்டினார்கள், சிலருக்குச் சோகமானவற்றை. பிறகு அவர்கள் எழுதும் சொற்கள் மாறுகின்றனவா என்று எண்ணினார்கள். மாறின, மிகமிகச் சிறிய அளவில். 2014இல் கட்டுரை வெளிவந்தபோதுதான் உலகத்துக்கே விஷயம் தெரிந்தது. சம்மதம் எங்கே என்றால், கணக்கு திறக்கும்போது ஒப்புக்கொண்ட தரவுக் கொள்கையே சம்மதம் என்று கட்டுரையிலேயே எழுதியிருந்தார்கள். அந்தக் கொள்கையை உட்கார்ந்து படித்தவர் நம்மில் யார்? கட்டுரையை வெளியிட்ட இதழே அடுத்த மாதம் இதைப் பற்றித் தன் கவலையைப் பதிவு செய்தது.

அப்படியானால் மௌனத்தை ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்வது எப்போதுமே தவறா? சிங்கப்பூரைப் பார்க்கிறேன். அங்கே ஹோட்டா எனப்படும் உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் வந்தது. ஆஸ்திரியா போலத்தான், மறுக்காதவர் சம்மதித்தவர். முஸ்லிம்கள் அதில் சேர்க்கப்பட்டது 2008இல். மறுப்பவர்கள், தமக்கு உறுப்பு தேவைப்படும்போது காத்திருப்போர் பட்டியலில் பின்னுக்குப் போவார்கள். கறாரான சட்டம்தான். ஆனால் அது நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டது. 21 வயது நெருங்கும்போது வீட்டுக்குக் கடிதம் வருகிறது. மறுக்க ஒரு படிவம் இருக்கிறது. கடிதத்தைப் பிரிக்காமலே போடுகிறவர்களும் இருப்பார்கள். ஆனாலும் அவர்களிடம் கேள்வி கேட்கப்பட்டது. ஃபேஸ்புக்கின் ஏழு லட்சம் பேரிடம் அது கேட்கப்படவே இல்லை. ஒன்று கேள்விக்குப் பின் வரும் மௌனம். மற்றது கேள்வியே இல்லாத மௌனம். கணினிக்கு இரண்டும் ஒரே காலிக் கட்டம்.

“முன்கூட்டியே சொன்னா ஆளு உஷாராயிடுவான், ஆய்வு கெட்டுப்போயிடும்” என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் நானும்தான் மாறுவேன். ஆனால் முடிந்த பிறகு சொல்லலாமே. “உங்களை வைத்து இதைச் செய்தோம், வேண்டாம் என்றால் உங்கள் எண்ணை எடுத்துவிடுகிறோம்” என்று சொல்லும் வழக்கம் உளவியல் ஆய்வில் இருக்கிறது. அதைச் சொல்லத் தயங்கும் அளவுக்கு ஒரு சோதனை இருந்தால், அந்தத் தயக்கமே ஒரு தரவு. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

என் ஆய்வு முன்மொழிவை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் முடிவு செய்துவிட்டேன். என் அட்டவணையில் ‘என்ன தேர்ந்தெடுத்தார்’ என்ற பத்திக்கு முன்னால் ‘இவரிடம் கேட்கப்பட்டதா’ என்று இன்னொரு பத்தி இருக்கும். அங்கே ‘இல்லை’ என்று வந்தால், அடுத்த கட்டத்தைக் காலியாகவே விட்டுவிடுவேன். அதனால் என் முடிவுகள் கொஞ்சம் பலவீனமாகத் தெரியலாம். பரவாயில்லை.