ஆவணமும் சாட்சியும்

நிலமோ வீடோ கைமாறும்போது எழுதப்படும் பத்திரத்தைத் தமிழில் ஆவணம் என்கிறோம். எழுதிக் கொடுத்தவரின் கையொப்பத்தோடு நாம் நின்றுவிடுவதில்லை. கீழே சாட்சிகளின் கையொப்பத்தையும் தேடுகிறோம். உண்மை நிகழ்ச்சிகளைப் பதிந்து காட்டும் திரைப்படத்திற்கும் ஆவணப்படம் என்றே பெயர் வைத்தார்கள். அந்த ஆவணத்திற்குச் சாட்சி யார்? அரபு மொழியில் சாட்சி சொல்பவர் 'ஷாஹித்'. காட்சியைக் காண்பவர் 'முஷாஹித்'. இரு சொற்களும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆயினும் காண்பவர் அனைவரும் சாட்சியாகிவிடுவரோ? ஊர் கூடி ஓர் அவலத்தைத் திரையில் கண்டு, இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுக் கலைந்து போவது எந்தக் கணக்கில் சேரும்?

இக்கேள்விக்கு ஜப்பான் நாட்டின் மினமாட்டா நகரம் நல்ல உரைகல். அங்கே சிசோ என்னும் இரசாயனத் தொழிற்சாலை தன் கழிவை விரிகுடாவில் கலந்துவந்தது. கழிவிலிருந்த பாதரசம் மீனிலும் சிப்பியிலும் ஏறி, அவற்றை உண்ட மக்களின் நரம்புகளைத் தாக்கியது. கை கால்கள் நடுங்கின, பார்வை சுருங்கியது, நா குழறியது. தாயின் கருவிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை. 1956 மே முதல் நாள் இந்நோய் முறைப்படி அறிவிக்கப்பட்டது. 1959-இல் தொழிற்சாலையின் மருத்துவரே கழிவைப் பூனைக்கு ஊட்டிக் காரணத்தைக் கண்டார். நிர்வாகம் அம்முடிவை மூடி வைத்தது. பாதரசக் கழிவு நின்றதோ 1968-இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும், அறிந்தவர் வாய் திறவாமைக்கு மக்கள் கொடுத்த விலை.

நொரியாக்கி சுச்சிமோட்டோ என்னும் இயக்குநர் அம்மக்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 1971-இல் வெளிவந்தது. வேறு படங்களும் தொடர்ந்தன. வெளியுலகில் பேர் பெற்றதோடு அவர் அமையவில்லை. 1977-இல் திரையிடும் கருவியை எடுத்துக்கொண்டு, அதே கடலின் கரையிலும் தீவுகளிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குச் சென்று படங்களைக் காட்டினார். அக்கடலின் மீனையே உண்டு, தம் உடலை வாட்டுவது இன்ன நோய் என்று அறியாதவர்கள் அங்கே இருந்தனர்.

அறியாமை மட்டுமா? அச்சமும் இருந்தது. நோயின் பெயர் வெளிப்பட்டால் மீன் விலைபோகாது. வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமையாது. அப்படியிருக்கப் படம் காட்டி ஊரைக் கலக்குவது தகுமா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடலாகாது. பிழைப்பு இழந்த வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் மறைப்பதால் மீனின் விலை நிலைக்கலாம், நஞ்சு நிற்பதில்லை. விற்றது போக எஞ்சிய மீனை உண்பவர் மீனவரின் மக்களே. எனவே உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். சொன்னபின் வரும் இழப்பை அவர்கள் மட்டும் சுமக்கட்டும் என்று விட்டுவிடுவதும் அறமன்று.

ஆகவேதான் படத்தைவிட அதன் பின் நிகழும் பேச்சு முக்கியமாகிறது. அங்கே துன்புற்றவரோடு ஆலையால் பிழைப்பவரும் இருக்க வேண்டும். நோயுற்ற மக்களுக்காக இதுவரை தாங்கள் போராடாதிருந்தது வெட்கத்திற்குரியது என்று சிசோ தொழிலாளர் சங்கம் 1968-இல் தீர்மானம் நிறைவேற்றியது. ஆலையின் சோற்றை உண்டவர்களே ஆலைக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். தமக்கு இழப்பு வரும் என்று தெரிந்தும் கண்டதைச் சொல்பவரே சாட்சி, ஏனையோர் பார்வையாளர்.

இச்சங்கடம் நமக்கும் புதிதன்று. பாலாற்றங்கரையில் தோல் பதனிடுதல் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதன் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வழக்கை முடிக்கும். முதலாளியையும் தொழிலாளியையும் கிணறு கெட்ட குடியானவரையும் ஒரே விரிப்பில் அமர்த்திப் பேசவைக்கும் வேலையை அது செய்யாது. அது நம் வேலை.

அதற்கு ஊரின் கல்யாண மண்டபமே போதும். படம் ஒரு மணி நேரமென்றால் பேச்சுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பேசும் உரிமையை, மேடைப் பேச்சாளருக்கு முன் பாதிக்கப்பட்டவருக்கு அளியுங்கள். மறுப்பவரையும் அழைத்து மரியாதையோடு கேளுங்கள். கலையுமுன், யார் எதைச் செய்வது என்று ஒரு தாளில் எழுதி அவரவர் பெயரை இடச் சொல்லுங்கள். ஆவணத்தின் அடியில் சாட்சிகளுக்கென்று விட்ட இடம் அப்போதுதான் நிரம்பும்.