வெட்டும் ஒட்டும்: யார் மீதான பயம்?

சினிமாவில் உணர்ச்சியை உண்டாக்குவது நடிகனின் முகமல்ல, வெட்டுதான் என்பதை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே மாஸ்கோவில் செய்து பார்த்துவிட்டார்கள். லெவ் குலஷோவ் என்பவர் ஒரு நடிகரின் சலனமில்லாத ஒரே முகத்தை எடுத்து, ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும் இன்னொருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டு வியந்ததாக அவரோடு இருந்த புடோவ்கின் பின்னாளில் சொன்னார். அந்தத் துண்டுப்படம் இன்று இல்லை. கதை மட்டும் எல்லாத் திரைப்பட வகுப்புகளிலும் நடமாடுகிறது. வெட்டின் வலிமைக்குச் சான்றாகவே இதைச் சொல்வார்கள். எனக்கு வேறொன்று படுகிறது. முகத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருந்த பசி பார்த்தவனுடைய பசி. அவன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. அப்படியானால் நம்ம ஊர்ப் பார்வையாளன் தன் வீட்டிலிருந்து, தெருவிலிருந்து எதையெல்லாம் கொண்டுவந்து இருட்டில் உட்காருகிறான்?

எங்கள் குடியிருப்பிலிருந்து முதன்முதலாக விஸ்காம் படிக்கப்போன பையன் ஒருவன் இருக்கிறான். கல்லூரியில் ஒரு மர்மப்படத்தின் தொடக்கம் மட்டும் எடுத்துத் தரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. நாலு பேர் சேர்ந்து எடுத்தார்கள். "அண்ணே, ஒருவாட்டி வந்து பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான். போனேன்.

விடியற்காலை, தெருவிளக்கு. ஒரு பெண் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறாள். பின்னால் ரப்பர் செருப்புப் போட்ட கால்கள். மடித்துக் கட்டிய கைலி. கையில் கடப்பாரை. அவள் திரும்பிப் பார்க்கிறாள். செருப்புச் சத்தம் நிற்கிறது. அவ்வளவுதான்.

முதலில் ஒட்டியபோது இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி இருந்ததாம். இழுவையாக இருக்கிறது என்று தட்டித்தட்டிச் செதுக்கியிருக்கிறார்கள். எதையெதைக் கழித்தார்கள் என்று கேட்டேன். அந்த மனுஷர் டீக்கடையில் நின்று டீ குடிப்பது போயிற்று. கடப்பாரையால் சாக்கடை மூடியை நெம்பித் தூக்குவது போயிற்று. முகம் தெரிகிற ஒரு துண்டும் போயிற்று. கழிக்கக் கழிக்கப் பயம் கூடியது என்றார்கள். நிஜம்தான், தொழில் தெரிந்த பிள்ளைகள். ஆனால் கழிந்துபோனது என்ன என்று பாருங்கள். அவருடைய வேலை, அவருடைய டீ, அவருடைய முகம். மிச்சமிருப்பது கறுத்த கால், கைலி, இரும்பு. ஒருத்தனைத் திருடனாகக் காட்ட வேறெதுவும் சேர்க்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கால்கள் பையனின் பெரியப்பாவுடையவை. இருபத்திரண்டு வருஷமாகச் சாக்கடை வேலை பார்ப்பவர். கூப்பிட்டார்களே என்று ஆசையாகப் போய் நடித்துக் கொடுத்திருக்கிறார்.

"கதையில அவரு நல்லவருதாண்ணே. கடைசியில தெரியும். பாத்தவன் வெக்கப்படுவான், சந்தேகப்பட்டோமேன்னு. அதுதான் டிவிஸ்ட்டே" என்றான் பையன்.

இந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. சந்தேகப்பட வைத்துவிட்டு அதற்காகவே வெட்கப்பட வைப்பது நல்ல காரியமாகக்கூட இருக்கலாம். ஆனால் முடிவு எங்கே? இவர்கள் எடுத்தது தொடக்கம் மட்டும். அந்த வெட்கம் வரவேண்டிய கடைசிக் காட்சியை யாரும் எடுக்கப்போவதில்லை. முழுப்படமாகவே வந்தாலும் கணக்கு இடிக்கிறது. சந்தேகம் தெருவில் ஏற்கெனவே இருப்பது. படம் அதை இனாமாக எடுத்துக்கொள்கிறது. 1871இல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் பிறப்பையே சாட்சியாக்கியது. சென்னை மாகாணத்தில் அது ரத்தானது 1947இல். சட்டப்புத்தகத்திலிருந்து போனது பார்க்கிற கண்ணிலிருந்து போய்விட்டதா? 2021இல் வந்த 'ஜெய் பீம்' சிறைவாசலில்தான் தொடங்குகிறது. வெளியே வருகிறவர்களிடம் சாதி கேட்டுப் பிரித்து நிறுத்துகிறார்கள். யார் குற்றவாளி என்ற மர்மமே அங்கே இல்லை. குற்றவாளி எப்படித் தயாராகிறான் என்பதைப் பட்டப்பகலில் காட்டுகிறது. ஆனாலும் நெஞ்சு படபடக்கிறது.

ஹிட்ச்காக் சொன்ன மேஜைக்கடி வெடிகுண்டைப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்திருந்தார்கள். குண்டு இருப்பதை மறைத்தால் சில விநாடி அதிர்ச்சி, முன்கூட்டியே காட்டிவிட்டால் பல நிமிஷப் பதைப்பு. 1958இல் வந்த ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' இப்படித்தான் தொடங்குகிறது. காரில் குண்டு வைப்பதை நாம் பார்த்துவிடுகிறோம். பிறகு மூன்று நிமிஷத்துக்கும் மேல் ஒரே வீச்சில் காமிரா போகிறது. வெல்ஸ் சொன்னபடி விடாமல் ஸ்டுடியோ படத்தை மாற்றியது. அவர் 58 பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுத்தார். அதைப் பின்பற்றி 1998இல் வால்டர் மர்ச் மறுபடி தொகுத்தார். தொடக்கத்தின் மேல் ஏறிக் கிடந்த பெயர்களையும் இசையையும் எடுத்துவிட்டு, கார் ரேடியோக்களும் மதுக்கடைகளும் போடும் சத்தத்தைக் கொண்டுவந்தார். ஷாட் அதேதான், பார்க்கிற கவனம் வேறு. அந்தப் படத்தில் ஒரு போலீஸ் அதிகாரி மெக்சிகோக்காரப் பையன் வீட்டில் டைனமைட்டை ஒளித்து வைத்துப் பொய்ச்சாட்சி தயாரிக்கிறான். (கடைசியில் அந்தப் பையன்தான் குற்றவாளி என்று போகிறபோக்கில் சொல்லிவிடுவது தனி வயிற்றெரிச்சல்.)

நான் சொன்னது இவ்வளவுதான். மறைக்காதீர்கள். மூடியை நெம்புவதை முதலில் வையுங்கள். அவர் வேலைக்கு வந்த ஆள் என்று பார்ப்பவனுக்குத் தெரியட்டும். அதற்குப் பிறகு அந்தப் பெண் திரும்பிப் பார்த்தால் பார்ப்பவன் யாருக்காகப் பயப்படுவான்? அவள் கத்திவிட்டால் அந்த மனுஷர் கதி என்ன என்றுதானே?

குழுவில் இருந்த பெண் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப என் பயம் பொய்யா சார்? அந்த நேரத்துல தனியா நடந்து பாருங்க. யாரோட பெரியப்பாவா இருந்தாலும் மொதல்ல காலடிச் சத்தம்தான் கேக்கும்."

அவள் சொன்னது நியாயம். நாலு மணிக்குப் பெருக்கப்போகிற எங்கள் அம்மாக்களும் அக்காக்களும் அதே காலடியைக் கேட்டுத்தான் நடக்கிறார்கள். அவள் பயத்தைப் பிடுங்கி அவருக்குக் கொடுப்பது நீதியாகாது. பயம் நிஜம், ஆள்தான் தப்பு என்று ஒரே வெட்டில் சொல்ல முடியுமா?

கழித்துப்போட்டதை எல்லாம் திரும்பப் பார்த்தோம். ஒன்றில் காட்சி முடிந்தது என்று நினைத்துப் பெரியப்பா கடப்பாரையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் வெறுமனே தொங்கவிட்டு நிற்கிறார். பையன் அதன்மேல் தூரத்தில் வரும் மோட்டார் பைக் சத்தத்தை ஏற்றினான். ரோந்துப் போலீஸ் வருவதற்குள் அவராகவே இரும்பைக் கீழே வைப்பதுபோல ஆகிவிட்டது. அறையில் யாரும் பேசவில்லை.

இப்போது மூடி முதலில் வருகிறது. அவள் நடை, காலடி, அவள் முகம், பைக் சத்தம், தொங்கும் கைகள். ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு விநாடி. கைகளோடு முடிக்கணும் என்கிறான் பையன். அதற்குப் பிறகு தன் முகம் இரண்டு விநாடி வரணும், இல்லாவிட்டால் நான் வெறும் தூண்டில் புழு என்கிறாள் அவள். நான் கிளம்பும்வரை தீரவில்லை. பெரியப்பாவுக்கு இன்னும் போட்டுக் காட்டவில்லை.