அல்பத்தின் ஓரத்தில் நிற்பவர்கள்



ஒரு பிலிம் றோலில் 36 படம். கலியாணவீட்டுக்கு ஒரு றோல் வாங்குவதே பெரிய செலவாக இருந்த காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தாலி கட்டும்போது ஒன்று, மோதிரம் மாற்றும்போது ஒன்று, கோயில் வாசலில் ஒன்று, பிறகு பெண்வீட்டார், மாப்பிள்ளைவீட்டார் என்று கணக்குப் பார்த்துத்தான் கமராக்காரர் அமர்த்துவார். 1990களில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. பிளாஷ் அடிக்க வழியில்லாத வீடுகளில் மணமக்களை முற்றத்து வெயிலுக்குக் கூட்டிவந்து, கண் கூசக் கூச நிறுத்தி எடுத்தார்கள். எடுத்தது சரியாக வந்ததா என்று அப்போதே பார்க்க ஏலாது. றோல் முடியவேண்டும், பாதை திறக்கவேண்டும், போகிற யாரிடமாவது கொடுத்துக் கழுவுவிக்க வேண்டும். தலைப்பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கலியாண அல்பம் வந்துசேர்ந்த வீடுகளும் உண்டு.

அந்தப் படங்களில் யார் யார் நிற்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு படத்தையும் வீணாக்க மனமில்லாமல் ஆட்களை நெருக்கி நெருக்கி நிறுத்தினார்கள். அயல்வீட்டுப் பெடியன் நிற்பான். பந்தலுக்குக் கிடுகு கட்ட வந்தவர் நிற்பார். 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து எழும்பி வந்து, பக்கத்துக் காணியில் கொட்டில் போட்டிருந்த குடும்பத்தின் பிள்ளைகளும் ஓரத்தில் நிற்பார்கள். உறவு பார்த்து யாரும் விலக்கவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2008 கடைசியில் போர் நெருங்கியபோது சனம் இங்கிருந்து எழும்பியது. உழவு இயந்திரத்தில் நெல்லையும் கூரைத் தகரத்தையும் ஏற்றினவர்கள் அல்பத்தை உடுப்புகளுக்கு நடுவில் வைத்தார்கள். புதுக்குடியிருப்போடு நெல் போனது, இரணைப்பாலையில் தகரம் போனது. மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று போய்ச் சேர்ந்தபோது பலரின் கையில் மிஞ்சியது ஒரு சொப்பின் பை. அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று படம்.

அந்தப் படங்களையும் சிலர் கடைசியில் கிழித்தீர்கள். மகன் இயக்கச் சீருடையோடு நின்ற படம், அவனுடைய சிநேகிதர்கள் சுற்றி நிற்கக் கேக் வெட்டிய படம். இராணுவச் சோதனையில் அகப்பட்டால் மிச்சப் பிள்ளைகளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தீர்கள். சிலர் பங்கருக்குள்ளேயே மண்ணைத் தோண்டித் தாட்டீர்கள். பிள்ளையின் முகத்தை என் கையாலேயே கிழித்துப்போட்டேனே சுவாமி என்று சொல்லி அழுத தாய்மார் இந்தப் பங்கில் இருக்கிறார்கள். இத்தனை வருடம் கழிந்தும் அந்தக் கையை மன்னிக்க அவர்களால் முடியவில்லை.

அம்மாமாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு உங்கள் மடியில் உயிரோடு இருந்த பிள்ளையைக் காப்பாற்ற உங்களிடம் கொடுப்பதற்கு வேறு என்ன இருந்தது? இருந்த கடைசிப் பொருளையும் கொடுத்தீர்கள். அது பாவம் அல்ல. முகம் நினைவில் மங்கிக்கொண்டு போகிறதே என்று இரவில் திடுக்கிட்டு எழும்புவதும் பாவம் அல்ல. பெற்ற தாயே மறந்தாலும் தான் மறப்பதில்லை என்றும், தம் மக்களைத் தம் உள்ளங்கைகளிலேயே பொறித்து வைத்திருப்பதாகவும் ஆண்டவர் எசாயா இறைவாக்கினர் வழியாக வாக்களித்திருக்கிறார். சிலுவையில் ஆணி துளைத்த அந்தக் கைகளிலிருந்து உங்கள் பிள்ளையின் முகத்தை எந்தச் சோதனைச் சாவடியிலும் யாராலும் பறிக்க ஏலாது. இதை நம்பி, உங்களை நீங்களே தண்டிப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பிலிமைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். கமராவின் கதவு திறந்து மூடும் அந்தக் கணத்திலேயே படம் பிலிமில் விழுந்துவிடுகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளி உப்புத் துகள்களில் ஒளி தொட்ட இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இருட்டறையில் மருந்துத் தண்ணீருக்குள் போட்டபிறகுதான் அது வெளியே வரும். பல வருடம் கழுவாமல் கிடந்த றோல்களிலிருந்தும் மனித முகங்களை மீட்டெடுத்திருக்கிறார்கள். கழுவி எடுத்த நெகட்டிவிலோ எல்லாம் மாறித் தெரியும். வெள்ளைச் சேலை கறுப்பு, கறுத்த தலைமயிர் வெள்ளை.

இத்தாலியின் தூரின் நகரில் பாதுகாக்கப்படும் புனிதத் துணியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். செக்கொந்தோ பியா என்ற வழக்கறிஞர், படம் பிடிப்பதில் ஆர்வமுள்ளவர், 1898 மே 28 இரவு அதைப் பெரிய கண்ணாடித் தகட்டில் படம் எடுத்தார். துணியில் வெறுங்கண்ணுக்குத் தெரிவது மங்கிய பழுப்புக் கறை. இருட்டறையில் தகட்டைக் கழுவியபோது அந்த நெகட்டிவில் நெற்றியும் மூடிய கண்களும் தாடியும் அடிபட்ட கன்னமுமாக ஒரு மனித முகம் தெளிவாக வந்தது. அது இயேசுவைப் பொதிந்த துணிதான் என்று திருச்சபை தீர்ப்புச் சொன்னதில்லை. நானும் அதைக் காட்டி உங்கள் விசுவாசத்தை நிரூபிக்க வரவில்லை. கறை என்று மட்டும் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் துன்பப்பட்ட ஒருவரின் முகம் இருந்தது என்பதுதான் என்னைத் தொடுகிறது. நாம் பட்டதை வெறும் இருட்டாகவே பார்த்துப் பழகிவிட்டோமே, அதற்குள் ஆண்டவரின் முகமும் இருந்ததா என்று செபத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறோமா? இருளும் அவருக்கு இருள் அல்ல என்று திருப்பாடல் ஆசிரியர் அறிந்திருந்தார்.

இப்போது உங்கள் அல்பத்துக்கு வருவோம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்றும் முல்லைத்தீவில் அதே ஆண்டு மார்ச் 8 அன்றும் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரின் கைகளில் இருக்கும் படங்களை உற்றுப் பாருங்கள். சிலவற்றில் ஓரமாக இன்னொருவரின் தோள் வெட்டுப்பட்டு நிற்கும். கலியாணவீட்டிலோ சாமத்தியவீட்டிலோ சிரித்துக்கொண்டு நின்ற படத்தை வெட்டிப் பெருப்பித்திருக்கிறார்கள். வேறு படம் இல்லை. அப்படி ஒன்றுகூட இல்லாத தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளை உங்கள் வீட்டு அல்பத்தில், உங்கள் மகளின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால், மூன்றாம் வரிசையில் நிற்கக்கூடும். நீங்கள் இதுவரை உங்கள் மகளை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பீர்கள்.

கானாவூர்க் கலியாணத்தில் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் நற்செய்தியில் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒரு குறை வந்ததையும், அதை மரியன்னை கண்டதையும் யோவான் எழுதிவைத்தார். கொண்டாட்டத்தின் நடுவில் மற்றவர்களுக்கு இல்லாததைக் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு இருந்தது. உங்களிடம் அந்தக் கண்ணைத்தான் கேட்கிறேன். உங்கள் கொண்டாட்டத்தின் படத்தில் யாருடைய பிள்ளை நிற்கிறது?

வரும் நவம்பர் 2ஆம் திகதி இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூருகிறோம். அதற்கு முன் உங்கள் பழைய அல்பங்களைத் திறந்து, முன்னால் நிற்பவர்களை விட்டுவிட்டு ஓரங்களைப் பாருங்கள். வயது போனவர்களைப் பக்கத்தில் இருத்தி, இது ஆர், இவர் ஆருடைய மகன் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதிப் படத்தோடு வையுங்கள். ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருக்கிற சகோதரங்களுக்கும் சொல்லுங்கள். இங்கே அழிந்த படங்களின் கொப்பி, அந்த நாளில் கடிதத்தோடு அனுப்பியது, அங்கே ஒரு லாச்சியில் இருக்கும். நெகட்டிவ் கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடித்திருந்தாலும் விரலால் துடைக்காமல், ஓரத்தைப் பிடித்து உலர்ந்த கடித உறைக்குள் போட்டு வையுங்கள். அதிலிருந்து எத்தனை கொப்பியும் எடுக்கலாம். பசைத் தாளில் ஒட்டிப்போன படங்களை இழுத்துப் பிய்க்காமல் அல்பத்தோடே கொண்டுவாருங்கள், மேலிருந்தே கொப்பி எடுக்கலாம்.

சைவ அயலவர்களின் தான்தோன்றீஸ்வரர் கோயில் திருவிழாவில் எடுத்த படங்களிலும் எங்கள் பிள்ளைகள் நிற்பார்கள். அந்த அயலவர்களையும் கூட்டிவாருங்கள். இதில் கோயில் பிரிவு வேண்டாம்.

விடுமுறைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் இப்போது மறுபடியும் பிலிம் கமராவோடு வருகிறார்கள். 2024இல் பென்டக்ஸ் புதிதாகவே ஒரு பிலிம் கமராவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எனக்கு அது சந்தோஷமான செய்தி. பிள்ளைகளே, உங்கள் வீட்டுத் திருமுழுக்கையும் முதல் நன்மையையும் ஆறுதலாகப் படம் எடுங்கள். எடுத்ததைக் கழுவியபின் அதில் நிற்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொப்பி கொடுங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் பங்குக் கோயில் மண்டபம் திறந்திருக்கும். ஒரு படம் என்றாலும் கொண்டுவாருங்கள்.