உறுதி தெரியுமுன் எச்சரிக்கலாமா?



புதியதொரு வியாதி தலைகாட்டியிருக்கிறது என்று ஒருவருக்குச் சந்தேகம் எழுகிறது. அத்தாட்சி இன்னும் கையில் இல்லை. சொன்னால், வீண் பீதி கிளப்பினார் என்ற பழி வரலாம். சொல்லாவிட்டால் அவரைக் குற்றஞ்சாட்ட ஆளில்லை. அவருடைய கடமை என்ன? இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். நம் வீட்டு வாசலுக்கும் இது வரும்.

2003-ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில், வியட்நாமின் தலைநகரான ஹனோயில், ஹாங்காங் வழியாக வந்த வியாபாரி ஒருவர் கடுங்காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். வைத்தியர்களுக்கு வியாதி பிடிபடவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் அங்கே பணியாற்றிய கார்லோ உர்பானி என்னும் இத்தாலிய வைத்தியரை அழைத்தார்கள். சில நாட்களுக்குள் அந்த ஆஸ்பத்திரியின் ஊழியர்களே ஒருவர்பின் ஒருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். வியாதியின் பெயரை உர்பானி அறியார். அதன் கிருமியையும் அறியார். ஆனால் இரண்டு விஷயங்களை அறிந்திருந்தார்: இது வழக்கமான காய்ச்சல் அல்ல, பணிவிடை செய்கிறவர்களைப் பற்றுகிறது. அறிந்த அந்த அளவைத் தம் ஸ்தாபனத்துக்குத் தெரிவித்தார். நோயாளிகளைத் தனிப்படுத்தும்படி வற்புறுத்தினார். மார்ச் 12-ல் ஸ்தாபனம் உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை விடுத்தது. சார்ஸ் என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்த வியாதியின் கிருமி இன்னதென்று கண்டறியப்பட்டது அதற்குப் பிறகுதான். உர்பானியையும் வியாதி பற்றியது. மார்ச் 29-ல் தமது 46-ம் வயதில் அவர் இறந்தார். வியட்நாமில் வியாதி கண்டோர் 63 பேர். இறந்தோர் 5 பேர். ஏப்ரல் 28-ல், சார்ஸ் பரவலை அடக்கிய முதல் நாடாக வியட்நாம் அறிவிக்கப்பட்டது.

இதற்கு மாறான பக்கத்தையும் பாருங்கள். அதே வியாதி சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 2002 நவம்பரிலேயே தோன்றியிருந்தது. உலக ஸ்தாபனத்துக்கு அதைப் பற்றிய செய்தி எட்டியதோ 2003 பிப்ரவரியில். அம்மாதம் 21-ம் தேதி, அங்கே நோயாளிகளைக் கவனித்து வந்த வைத்தியர் ஒருவர், தாமும் நோயுற்ற நிலையில், ஹாங்காங் ஓட்டல் ஒன்றில் தங்கினார். அந்த ஓட்டலிலிருந்து ஹனோய்க்கும், சிங்கப்பூருக்கும், கனடாவின் டொரண்டோவுக்கும் வியாதி பரவியது. முடிவில் உலகெங்கும் 8,096 பேர் நோயுற்றார்கள். 774 பேர் மாண்டார்கள். நோயுற்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வைத்தியர், தாதி போன்றவர். எச்சரிக்கை எட்டாத ஆஸ்பத்திரியில் முதல் அடி இவர்கள்மேல்தான் விழுகிறது. நோயாளியைத் தொட்டுத் தூக்குகிறவளுக்கு, அவள் எதைத் தொடுகிறாள் என்பதை மறைக்க நமக்கு உரிமை உண்டா?

"அவசரப்பட்ட எச்சரிக்கையும் கேடு விளைத்ததுண்டே" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1976-ல் அமெரிக்காவில் ஒரு ராணுவ முகாமில் புதுவகைச் சளிக்காய்ச்சல் கண்டது. பெருவாரி நோய் வரும் என்று அஞ்சி 4 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு ஊசி போட்டார்கள். நோயோ பரவவில்லை. ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு நரம்பு வியாதி கண்டதால், டிசம்பரில் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. இதிலிருந்து என்ன தெரிகிறது? சந்தேகத்தைத் தெரிவிப்பது வேறு. அந்தச் சந்தேகத்தையே உறுதியாகக் கொண்டு பெரிய காரியத்தில் இறங்குவது வேறு. முன்னதற்கு நியாயமான சந்தேகமே போதும். பின்னதற்கு அதிக அத்தாட்சி வேண்டும். பின்னதில் நேர்ந்த பிழைக்காக முன்னதை விலக்குவது விவேகம் ஆகாது.

"அப்படியானால் வதந்தி பரப்புகிறவனும் கடமையைச் செய்கிறான் என்போமா?" ஒருக்காலும் இல்லை. வதந்திக்காரன் யார் காதில் விழுகிறது என்று பாராமல் பேசுகிறான். அறியாததை அறிந்ததாகச் சொல்கிறான். எச்சரிக்கிறவரோ செயல்படக்கூடியவரிடம் சொல்கிறார். கண்டது இவ்வளவு, ஊகித்தது இவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறார். உண்மைக்கு விரோதமான குற்றம் உறுதியின்மையில் இல்லை. உறுதியின்மையை மறைப்பதிலேதான் இருக்கிறது. 2005-ல் திருத்தப்பட்டு 2007-ல் அமலுக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகளும் இதையே சட்டமாக்கின. நாடு கடந்து பரவக்கூடிய அபாயம் என்று ஓர் அரசாங்கம் மதிப்பிட்டால், காரணம் தெரியாவிட்டாலும், 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

சொல்வது பாதிக் கடமை, கேட்பது மறுபாதி. 2014-ல் ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அமெரிக்க வைத்தியர்களுக்கு ஜூலையிலேயே எச்சரிக்கை அனுப்பப்பட்டிருந்தது. செப்டம்பரில் டல்லஸ் நகர ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் காய்ச்சலோடு வந்த ஒருவர், தாம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததைத் தாதியிடம் சொன்னார். அது குறிப்பிலும் ஏறியது. இருந்தும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சில நாட்களில் நோய் முற்றித் திரும்பிய அவர் அக்டோபர் 8-ல் இறந்தார். அவரைப் பராமரித்த இரு தாதியருக்கும் எபோலா தொற்றியது, அவர்கள் பிழைத்தார்கள்.

இப்பொழுது நம் வீட்டுக்கு வருவோம். குழந்தைக்கு அம்மை வார்த்திருந்தால், அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைப்பு வீட்டின் மானத்தைக் காப்பதுபோல் தோன்றும். அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை அது காப்பதில்லை. ஆகவே, காய்ச்சலோடு வைத்தியரிடம் போகும்போது எங்கே போய் வந்தீர்கள், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல் என்பவற்றைக் கேளாமலே சொல்லுங்கள். ஒரே தெருவில் பலர் ஒரே விதமாய் நோயுற்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள். தெரிந்ததைத் தெரிந்த அளவில் சொல்லுங்கள். டீக்கடையில் அல்ல, வைத்தியரிடம் சொல்லுங்கள். உங்கள் சந்தேகம் பொய்யாய்ப் போனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. மெய்யானால், முகம் அறியாத ஒரு தாதி அன்று மாலை நலமாய்த் தன் பிள்ளைகளிடம் திரும்புவாள்.