கன்னத்தில் மின்னும் காக்காய்ப்பொன்

பிறந்தநாள் விழாக்களில் பிள்ளைகளின் முகத்தில் வண்ணந் தீட்டும் வழக்கம் நம் நகரங்களிலும் பரவி வருகின்றது. ஒருவன் புலியாகிறான், ஒருத்தி வண்ணத்துப்பூச்சியாகிறாள். மேனாட்டு மோகம் என்று இதனைப் பழிப்பாரும் உளர். அவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. கூத்துக்கு அரிதாரம் பூசிய மரபினர் நாம். சற்று நேரம் வேறொன்றாய் மாறிப் பார்க்கும் குழந்தையின் ஆசையை ஏன் குறைகூற வேண்டும்?

எம்மை உறுத்துவது வண்ணத்தின்மேல் தூவப்படும் மினுக்கம். முத்துப்போல் ஒளிரும் பூச்சுக்கள் பலவற்றில் இருப்பது மைக்கா. நம்மவர் காக்காய்ப்பொன் என்பர். மென்தகடுகளாகப் பிரியும் இக்கனியத்தைப் பொடியாக்கி, அதன்மீது தைத்தானியம் ஈரொட்சைட்டுப் படலம் ஏற்றினால் அந்த ஒளி பிறக்கும். உதட்டுச் சாயமும் மோட்டார் வண்டிப் பூச்சும் இதனாலேயே மின்னுகின்றன.

இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கொடர்மா, கிரிதி மாவட்டங்கள் இதற்குப் பெயர்பெற்றவை. 1980 இல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டத்தின் பின் அங்குள்ள சுரங்கங்கள் பல உரிமம் புதுப்பிக்கப்படாது மூடப்பட்டன. சுரங்கம் மூடியது, பசி மூடவில்லை. கைவிடப்பட்ட குழிகளிலும் குப்பைமேடுகளிலும் குடும்பங்கள் ‘திப்ரா’ எனப்படும் துண்டு மைக்காவைப் பொறுக்கத் தொடங்கின. குறுகிய வளைக்குள் நுழையச் சிற்றுடலே வசதி. தாங்குமரம் இல்லாத குழி சரிந்தால் மண்ணே சமாதி. 2016 இல் ராய்ட்டர் அறநிறுவனத்தின் செய்தியாளர் விசாரித்தபோது, இரண்டே மாதங்களில் ஏழு பிள்ளைகள் இவ்வாறு மாண்டமை வெளிவந்தது. குழி சட்டவிரோதமானது, ஆகவே மரணத்தையும் மறைக்கவேண்டியதாயிற்று. வாய்மூடியிருக்கப் பெற்றோருக்குப் பணம் தரப்பட்டது.

இனிக் கேள்விக்கு வருவோம். கேக்கு வெட்டும் வீட்டில் குற்றவாளி யார்? பூசுபவளுக்குத் தெரியாது, தாய்க்கும் தெரியாது. அறியாமை குற்றமாகாது என்று எளிதில் கூறிவிடலாம். ஆனால் அந்த அறியாமை தானாக விளைந்ததா? பண்டம் தன்னை ஆக்கிய உழைப்பை மறைத்து நிற்கும் மாயத்தை மார்க்ஸ் 1867 இல் ‘மூலதன’த்தின் முதற் பாகத்திலேயே விளக்கினார். குழியிலிருந்து தரகர், ஏற்றுமதியாளர், பூச்சுத் தொழிற்சாலை, கடை எனக் கைமாறுந்தோறும் ஒரு திரை விழுகின்றது. திரைகளால் இலாபமடைவோர் இருக்கையில், அறியாமையும் ஒருவகை உற்பத்திப் பொருளே.

‘வாங்காது விட்டால் போதும்’ என்பர் சிலர். ஆய்வுகூட மைக்காவுக்கு மாறிய அழகுசாதன நிறுவனங்களும் உண்டு. வாங்கியவர் கை சுத்தமாகும், உண்மை. திப்ரா விற்றே அரிசி வாங்கும் வீட்டில் அன்று அடுப்பு எரியுமா? தன் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்வதும் மற்றொருவன் விலங்கைத் தறிப்பதும் ஒன்றென நாம் கருதவில்லை.

நிறுவனங்கள் கூடி 2017 இல் பாரிசைத் தலைமையகமாகக் கொண்ட அமைப்பொன்றைத் தொடங்கி, ஐந்தாண்டில் சிறுவர் உழைப்பை ஒழிப்போம் என்றன. 2022 கடந்தும் அது ஒழியவில்லை. வேண்டுவன யாவரும் அறிந்தவையே: உரிமமுள்ள சுரங்கம், வளர்ந்தோர்க்கு வயிறு நிரம்பும் கூலி, பிள்ளைக்குப் பாடசாலை. ஒரு கன்னத்தில் ஒட்டும் மினுக்கமோ ஒரு சிட்டிகைதான். அதைப் பொறுக்கியவர் கூலி இரட்டித்தாலும் விழா நடத்துபவர் அதனை உணரமாட்டார். உணர்பவர்கள் இடையில் நிற்போரே.