ஆயிரம் நாமமும் எண்ணும் நிரலும்

பெயரைக் கொண்டு பதிவுகளை எண்ணும் கணினி நிரல், தொகுப்பு வினவல் எனப்படும் கட்டளையின்படி, பட்டியலின் ஒவ்வொரு பதிவையும் தேடப்படும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, பொருந்துபவை எத்தனை என்று சொல்கிறது. மகாபாரதத்தின் அநுசாசன பர்வத்திலுள்ள விஷ்ணு சகஸ்ரநாமத்தை, சந்தியும் வேற்றுமை உருபும் நீக்கிய பட்டியலாக்கி அதனிடம் கொடுத்தால், 'விஷ்ணு' என்பதற்கு மூன்று என்று விடை வரும். சங்கரர் உரையைப் பின்பற்றும் வரிசையில் அப்பெயர் 2, 258, 657 ஆகிய இடங்களில் நிற்கிறது. 'மாதவன்' என்பதும் மூன்று முறை வருகிறது. மீண்டும் வருபவற்றைத் தள்ளி எண்ணச் சொன்னால், ஆயிரம் என்று நூல் தானே கூறும் கணக்கு குறைந்துவிடும்.

திருவரங்கத்தில் வாழ்ந்த, கூரத்தாழ்வானின் மகனான பராசர பட்டர், 'பகவத்குணதர்ப்பணம்' என்னும் உரையில் இச்சிக்கலை நேராக எதிர்கொள்கிறார். ஒரே பெயர் மீண்டும் வரும்போது அவ்விடத்துக்கு உரிய வேறொரு குணத்தை அது சுட்டுகிறது என்று அவர் பொருள் கொள்வதால், கூறியது கூறல் என்னும் குற்றம் நூலுக்கு நேராது. சங்கரரும் பொருள் வேறுபாடு காட்டியே இக்குற்றத்தை விலக்குகிறார் என்றாலும், பெயர்களைப் பிரிக்கும் முறையில் இருவரும் வேறுபடுவதால், பட்டரின் வரிசையில் எண்களே இடம் மாறுகின்றன. எண்ணத் தொடங்கும் முன்பே, எது ஒரு பெயர் என்று உரையாசிரியர் முடிவு செய்துவிடுகிறார். நிரலும் அவ்வாறே, ஆனால் சொல்லாமல், முடிவு செய்கிறது. இராமாநுசரின் விசிட்டாத்துவைதமோ, எல்லாச் சொற்களும் அவற்றின் பொருள்களுக்கு உள்ளுயிராக நிற்கும் பிரம்மத்திலேயே சென்று முடிகின்றன என்பதால், சுட்டப்படுபவரைக் கொண்டு எண்ணினால் விடை ஒன்றே.

கல்வெட்டுகளில் சிக்கல் தலைகீழாகிறது. திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள அல்லூர், ஈசானமங்கலம் கல்வெட்டுகளை ஆராய்ந்த நொபோரு கராஷிமா, எ. சுப்பராயலு, மட்சுயி ஆகியோருடன் இணைந்து, சோழர் கல்வெட்டுப் பெயர்களுக்கு 1978இல் ஓர் அடைவு வெளியிட்டார். அக்கல்வெட்டுகளில் ஒருவரது பெயர், ஊர், தந்தை பெயர், இயற்பெயர், பட்டம் எனப் பல உறுப்புகளால் அமைவதுண்டு. 'மூவேந்த வேளான்' என்ற பட்டத்தை மட்டும் தேடினால், பல அதிகாரிகள் ஒருவராகிவிடுவர்.

சகஸ்ரநாமத்தையோ கல்வெட்டுகளையோ தரவுத்தளமாக்குவோர், பெயரை மட்டும் அடையாளமாகக் கொள்ளாமல், அது வரும் இடத்தின் எண்ணையும், பின்பற்றிய உரையையும் அல்லது ஊரையும் உடன் பதிந்து வைக்க வேண்டும்.